கங்காவிடம் ஜெயகாந்தன் திரும்பிப் போயிருக்க வேண்டுமா?

நனைந்த குடை

ரொம்ப நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம். ஜெயகாந்தனைப் படித்துத்தான் நான் வாசகன் ஆனேன். அந்த உரிமையில் கேட்கிறேன். அந்தப் பெண்ணை அவர் விட்ட இடத்திலேயே விட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. நல்ல மழை. கல்லூரி வாசலில் பஸ்ஸுக்காக ஓர் ஏழைப் பெண் தனியாக நிற்கிறாள். பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது. வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டவன் ஆளில்லாத இடத்துக்கு ஓட்டிப்போய் அவளைக் கெடுத்துவிடுகிறான். நனைந்தபடி வீட்டுக்கு வந்தவள் அம்மாவிடம் சொல்லி அழுகிறாள். அம்மா விதவை, ஆசாரமான வீடு. முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கிறவர்களிடம் மழையில் நனைந்து வந்ததற்காகத் திட்டுகிறேன் என்று சொல்லிச் சமாளிக்கிறாள். அப்புறம் மகளை இழுத்துக்கொண்டு போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள். கொட்டியது தண்ணீர் இல்லை, நெருப்பு என்று நினைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள்.

தமிழில் இதைவிடப் பெரிய தாயை நான் படித்ததில்லை.

கதைக்கு எதிராகக் கடிதங்கள் குவிந்தன. முடிவு தப்பு என்று சொல்லி வேறு சிலர் தங்கள் முடிவையே கதையாக எழுதிப் பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் ஜெயகாந்தன் தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்று தொடர் எழுதினார். 1970இல் அது 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற பெயரில் புத்தகமாயிற்று, 1972இல் சாகித்ய அகாதெமி விருதும் வாங்கியது. இதில் அம்மா தண்ணீர் ஊற்றவில்லை. வாய்விட்டுக் கதறுகிறாள், தெருவே தெரிந்துகொள்கிறது. அண்ணன் கணேசன் தங்கையை வீட்டை விட்டுத் துரத்துகிறான். பன்னிரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அந்தப் பெண் கங்கா, இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் நல்ல உத்தியோகம், கல்யாணமில்லை, யாரையும் நம்பாத மனசு. கடைசியில் அவள் கையில் மதுக் கோப்பை.

கடிதம் எழுதியவர்கள் என்ன சொன்னார்கள்? இப்படிப்பட்ட பெண் உருப்பட மாட்டாள் என்றார்கள். நாவலும் அவர்கள் சொன்னதைத்தானே நடத்திக் காட்டுகிறது?

மூன்றாம் வாசிப்பு

சார், வணக்கம். உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் அந்த அம்மாவை நேசிக்கிறீர்கள், அது நன்றாகத் தெரிகிறது. மகளைப் பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் "ஓர் ஏழைப் பெண்" என்ற மூன்றே வார்த்தை.

உங்கள் மேல் குறை இல்லை. சிறுகதையே அப்படித்தான் இருக்கிறது. அதில் அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. காரில் அவன் பேசுகிறான், வீட்டில் அம்மா பேசுகிறாள். பயமாக இருக்கிறது என்று அவள் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. என்ன நடந்தது என்று சொல்லி முடித்ததும் அவள் பங்கு முடிந்துவிட்டது. அதற்கு மேல் அவள் சுத்தமா இல்லையா என்று மற்றவர்கள்தான் தீர்ப்பு சொல்கிறார்கள். அம்மா சொன்ன தீர்ப்பு நல்ல தீர்ப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ராத்திரி அவள் தூங்கினாளா? மறுநாள் அதே பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாளா? அதைச் சிறுகதை கேட்கவில்லை.

நாவலில்தான் அவளுக்குப் பெயர் கிடைத்தது. அவளே 'நான்' என்று பேச ஆரம்பித்ததும் அங்கேதான். இந்த ஒரு காரணத்துக்காகவே அவர் திரும்பிப் போனது சரி என்பேன்.

நனைந்த குடை

அம்மா, நீங்கள் சொன்னது எனக்கு உறைக்கிறது. ஆனால் அவள் வாயைத் திறக்க என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது, பாருங்கள். அம்மாவைக் கோழையாக்க வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுத்தான் நாவலைத் தொடங்கவே முடிந்தது.

தன் கதையின் உயிர்நாடியையே எழுத்தாளர் மாற்றிய பிறகு அதைத் தொடர்ச்சி என்று எப்படிச் சொல்வது? அது வேறு அம்மா, வேறு மகள்.

மூன்றாம் வாசிப்பு

இந்த இடத்தில்தான் நாவலை நீங்கள் அவசரமாகக் கடந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

'அக்கினிப் பிரவேசம்' நாவலில் அழிக்கப்படவில்லை. ஆர்.கே.வி. என்கிற எழுத்தாளர் பத்திரிகையில் எழுதிய கதையாக அது உள்ளேயே இருக்கிறது. பன்னிரண்டு வருடம் கழித்துக் கங்கா அதைப் படிக்கிறாள். தன் கதைதான், கடைசி மட்டும் வேறு. அதைக் கொண்டுபோய் அம்மா கனகத்திடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறாள். கனகம் படித்துவிட்டு அழுகிறாள்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மகளைக் காப்பாற்றத் தெரியாமல் ஊரைக் கூட்டிய ஒருத்தி, தன் இடத்தில் வேறொரு அம்மா என்ன செய்தாள் என்று அச்செழுத்தில் படிக்கிறாள். இவ்வளவு சுலபமா அது, ஒரு குடம் தண்ணீர்தானா என்று அவளுக்குத் தோன்றியிருக்காதா? மகளும் பக்கத்தில்தான் இருக்கிறாள். நீயும் இதைச் செய்திருக்கலாமே என்று அவள் வாய் திறந்து கேட்க வேண்டியதே இல்லை. பத்திரிகையைக் கொடுத்ததிலேயே எல்லாம் கேட்டாகிவிட்டது.

நீங்கள் கும்பிடுகிற அந்த அம்மா எவ்வளவு பெரியவள் என்று எனக்கு முழுசாகப் புரிந்தது கனகம் அழுதபோதுதான்.

நனைந்த குடை

அந்தக் காட்சி பெரிய காட்சி, மறுக்கவில்லை. படிக்கும்போது நானும் கலங்கியிருக்கிறேன்.

ஆனாலும் எனக்கு அதில் ஒரு நஷ்டம் உண்டு. அதுவரை அந்த அம்மா எனக்கு ஒரு நிஜமான மனுஷி. எங்கோ ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் அப்படி ஒருத்தி இருந்தாள் என்று நம்பினேன். நாவல் வந்து, இல்லை இல்லை, அவள் ஓர் எழுத்தாளர் எழுதிய கதாபாத்திரம், நிஜ அம்மாக்கள் கனகம் மாதிரிதான் இருப்பார்கள் என்று சொல்லிவிட்டது. இனி யாராவது ஒரு வீட்டில் அப்படி ஒரு பெண் நனைந்து வந்து நின்றால், அந்த அம்மா எதை நினைத்துக்கொள்வாள்? கதையில்தானே அதெல்லாம் நடக்கும் என்றுதானே நினைப்பாள்?

நான் பள்ளிக்கூட வாத்தியார். பெண்பிள்ளைகள் வீட்டில் சொல்ல முடியாததை எங்களிடம் வந்து சொல்வதுண்டு. ஒரு கதை ஓர் அம்மாவின் கையைப் பிடித்து இப்படிச் செய் என்று காட்டும் என்றால், அந்தக் கதையை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பக்கத்து இருக்கை

முதல் தடவையாக எழுதுகிறேன். நான் கல்லூரி கடைசி வருடம். போன மாதம்தான் இரண்டையும் படித்தேன்.

மன்னிக்கணும் சார், எனக்கு அந்தத் தண்ணீரே பிடிக்கவில்லை. கழுவினால் சுத்தம் என்று சொன்னால், கழுவுவதற்கு முன்னால் அழுக்கு என்று ஆகிவிடுகிறதே? அசிங்கத்தை மிதித்துவிட்டால் காலையா வெட்டிப் போடுகிறோம், கழுவிக்கொள்கிறோம் என்று அம்மா சொல்வாள். அந்த உவமையில் அந்தப் பெண்ணின் உடம்பு அசிங்கம் பட்ட கால். தப்பு செய்தவன் காரில் போய்விட்டான், அவன் தலையில் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. தலைப்பிலேயே நெருப்பில் இறங்க வேண்டியவள் அவள்தான் என்று இருக்கிறது.

யாரிடமும் சொல்லாதே என்று அம்மா சொல்வது அடுத்த விஷயம். அன்பாகச் சொன்னாலும் அதற்குப் பேர் வாயை மூடுவதுதான்.

மூன்றாம் வாசிப்பு

நான் சொல்லத் தயங்கியதை நீ சொல்லிவிட்டாய் தம்பி. (தங்கையாக இருந்தால் மன்னித்துக்கொள்.) அந்த மன்னிப்புக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. வெளியே தெரியாதவரைக்கும்தான் அது செல்லும். தெரிந்துபோனால் என்ன ஆகும்? அந்தக் கேள்வியைச் சிறுகதை தாண்டிப் போய்விட்டது, நாவல் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

பக்கத்து இருக்கை

தங்கைதான் அக்கா :)

ஓய்வுபெற்ற தட்டச்சர்

பிள்ளைகளே, எனக்கு எழுபத்தைந்து வயது. இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கடைசியாக எழுதிய பெண்ணுக்கு முதலில் சொல்கிறேன். நீ கேட்டது நியாயம்மா. இந்தக் காலத்துப் பெண் அப்படித்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்த அம்மா எந்த பாஷையில் பேசுவாள் என்று யோசித்துப் பார். ஆசாரமான வீட்டு விதவை. தீட்டு, மடி, ஸ்நானம், விளக்கு, இவைதான் அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள். உன் மேல் தப்பே இல்லை, தப்பு அவன் மேல் என்று நீ ஒரு வாக்கியத்தில் சொல்வதை அவள் ஒரு குடம் தண்ணீரில் சொன்னாள். அந்தத் தண்ணீரை வைத்து வாழ்நாள் பூராவும் அவளைத் தள்ளி வைத்தவர்கள் அந்த வீட்டு மனிதர்கள். அதே தண்ணீரை எடுத்து அவர்கள் சட்டத்தையே அவர்களுக்கு எதிராகத் திருப்பினாள். அது சின்ன காரியம் இல்லை.

அப்புறம் வாத்தியார் சாருக்கு. சார், தொடர் வந்த காலத்தில் நான் சின்னப் பெண். அப்புறம் எழுபதுகளில் சென்னையில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன், பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். என் அறைத் தோழி ஒருத்தி. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள், முப்பதைத் தாண்டியும் கல்யாணமில்லை. ஊருக்குப் போகவே மாட்டாள். தீபாவளி, பொங்கல் என்றால் விடுதியில் அவள் ஒருத்திதான் இருப்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. 1977இல் படம் வந்ததும் அலுவலகத்தில் அவளுக்குக் கங்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள்.

அவளிடம் ஒரு பைண்டிங் புத்தகம் இருந்தது. அந்தக் காலத்தில் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து எடுத்துத் தைத்து வைத்துக்கொள்வோம், பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 'காலங்கள் மாறும்' முழுசும் அதில் இருந்தது. பழுப்பு அட்டை. ஒவ்வொரு வாரத்துப் பக்கத்தின் மூலையிலும் பென்சிலில் தேதி போட்டிருக்கும். தலையணைக்கு அடியில்தான் வைத்திருப்பாள். அலுவலகத்தில் பேச்சு அதிகமான நாட்களில் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், சில நாள் பிரிக்கக்கூட மாட்டாள்.

சார், சிறுகதை என் தோழியைக் காப்பாற்றியிருக்காது. அவளுக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. தண்ணீர் கிடைக்காதவர்களுக்கு எழுதியதுதான் அந்தத் தொடர் என்று எனக்குப் படுகிறது.

நனைந்த குடை

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நாள் பூராவும் பதில் எழுத முடியவில்லை. உங்கள் தோழிக்கு என் வணக்கம்.

அப்படியும் ஒன்று மட்டும் மனதில் நிற்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக இல்லை என்று ஆகும். உங்கள் தோழி மாதிரி ஒருத்தி கடைசிப் பக்கத்துக்கு வரும்போது அங்கே என்ன பார்க்கிறாள்? குடித்துக்கொண்டிருக்கும் கங்காவை. அன்றைக்குக் காரில் வந்த அந்தப் பிரபு பெண்டாட்டி பிள்ளை உள்ள பணக்காரன். பொறுப்பு என்றால் என்னவென்று தெரியாமல் வளர்ந்தவன். அவனைக் கங்கா தேடிப்பிடிக்கிறாள். இந்தத் தடவை இருவருக்கும் நடுவே உடம்பு சம்பந்தமே இல்லை, ஆனால் ஊருக்கு அவள் அவனுடைய வைப்பாட்டி. கடைசியில் அவன் நல்லவனாகிறானாம், அவள் கல்யாணம் செய்துகொண்டு வாழட்டும் என்று ஒதுங்கிப் போகிறானாம். நல்லவனாவதும் அவன்தான், விட்டுவிட்டுப் போவதும் அவன்தான். அவன் விட்டுச்சென்ற பாட்டில் அவளுக்கு. இது தண்டனை இல்லையா?

மூன்றாம் வாசிப்பு

தண்டனைதான். யார் கொடுத்த தண்டனை என்பதில்தான் நமக்குள் தகராறு.

வெங்கு மாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த விவாதத்தில் இவ்வளவு நேரம் அவர் பெயரே வராதது எனக்கு ஆச்சரியம். அண்ணன் துரத்தியதும் தஞ்சாவூரில் தன் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தவர். வக்கீல். சாஸ்திரம் விரல் நுனியில். ஊரே கையெடுத்துக் கும்பிடும் மனிதர். பாசமாகத் தட்டிக்கொடுக்கிற சாக்கில் அவர் கை எங்கெல்லாம் போகிறது என்பது கங்காவுக்கு மட்டும்தான் தெரியும். நீ ஒருத்தனுக்குப் பெண்டாட்டியாக முடியாது, வேண்டுமானால் வைப்பாட்டியாக இருக்கலாம், சாமர்த்தியம் இருந்தால் அந்தக் கார்க்காரனைத் தேடிக் கண்டுபிடி என்கிற மாதிரி அவர் பேசுகிறார். அதைச் சவாலாக எடுத்துக்கொண்டுதான் அவள் பிரபுவைத் தேடப் புறப்படுகிறாள்.

மழையில் நடந்தது ஒரு நாள். வெங்கு மாமா பல வருடம். கார்க்காரனைப் பற்றி ஊர் பேசும், வெங்கு மாமாவைப் பற்றி யார் பேசுவார்? சிறுகதையோடு நின்றிருந்தால் ஆபத்து வெளியே, மழையில், முன்பின் தெரியாதவன் காரில் இருக்கிறது என்று ஆகியிருக்கும். வீடு என்றால் அம்மா, தண்ணீர், விளக்கு. வீட்டுக்குள்ளேயே, சோறு போட்டு ஃபீஸ் கட்டுகிற கையிலேயே ஆபத்து இருக்கும் என்று சொல்ல நாவல் தேவைப்பட்டது. நீங்கள் வாத்தியார் என்றீர்கள். உங்களிடம் வந்து சொன்ன பிள்ளைகள் யாரைப் பற்றிச் சொன்னார்கள்? காரில் வந்தவனைப் பற்றியா?

நனைந்த குடை

இல்லை. ஒருத்திகூட இல்லை.

கல்லும் காலும்

இடையில் வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வழக்கு ஜெயகாந்தனோடு தொடங்கியதில்லை. புதுமைப்பித்தன் 1943இல் 'சாபவிமோசனம்' எழுதினார். அகலிகை கல்லாகிக் கிடந்து ராமன் கால் பட்டு எழுந்தாள் என்று எல்லோரும் கதையை அங்கே முடித்துவிடுவார்கள். அவர் அங்கேதான் ஆரம்பிக்கிறார். எழுந்தவள் அப்புறம் எப்படி வாழ்ந்தாள்? புற்று உடைத்து வந்த கோதமனோடு குடித்தனம் நடத்துகிறாள், ஆனால் யார் என்ன சொன்னாலும் அவளுக்குக் குத்துகிறது. நெஞ்சில் இன்னும் கல் இருக்கிறது. வருடங்கள் போகின்றன. இலங்கையிலிருந்து திரும்பிய ராமனும் சீதையும் பார்க்க வருகிறார்கள். தீக்குளித்ததைச் சீதை சாதாரணமாகச் சொல்கிறாள். அவனா கேட்டான் என்று அகலிகைக்கு அதிர்ச்சி. அவளுக்கு ஒரு நீதி, தனக்கு ஒரு நீதியா என்று உள்ளே கொதிக்கிறாள். கடைசியில் திரும்பவும் கல்லாகிவிடுகிறாள்.

அக்கினிப் பிரவேசத்தின் அம்மா மகளைத் தேற்ற அகலிகை கதையைத்தான் சொல்கிறாள். ராமன் கால் பட்டது, மனசில் கறை இல்லை என்று. அந்த அகலிகை திரும்பக் கல்லான கதையைப் புதுமைப்பித்தன் அதற்கு இருபது வருடத்துக்கு மேல் முன்னாலேயே எழுதிவைத்துவிட்டார். அம்மாவுக்கு அது தெரியாது. ஜெயகாந்தனுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா?

அதனால்தான் வாத்தியார் ஐயாவின் கட்சி எனக்கு ஏற்கவில்லை. வெளியிலிருந்து ஒருவர் கொடுக்கிற விமோசனம், அது ராமன் காலானாலும் அம்மாவின் குடமானாலும், உள்ளே இருக்கிறவளிடம் எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வருடங்கள் கழித்துத் திரும்பிப் போய்த்தான் ஆகவேண்டும்.

நனைந்த குடை

சாபவிமோசனத்தை நீங்கள் எடுத்துவந்தது எனக்கே சாதகமாக இருக்கிறது, கேளுங்கள். அகலிகை தானாகக் கல்லாகிறாள். ராமன் செய்ததை ஏற்க மாட்டேன் என்று சொல்கிற மறுப்பு அது. அந்த ஒரு செயலால் அவள் ராமனுக்கும் மேலே போய்விடுகிறாள். கங்கா குடிப்பதில் அப்படி ஒரு மறுப்பு உண்டா? எனக்கு அதில் சோர்வுதான் தெரிகிறது. பார்த்தால் பரிதாபம் வருகிறது. அகலிகையைப் பார்த்து எனக்குப் பரிதாபம் வந்ததே இல்லை, பயம்தான் வந்தது.

புதுமைப்பித்தனுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. வால்மீகி எழுதியதன் மேல் அவர் எழுதினார். பிடிக்காவிட்டால் நான் பொருட்படுத்தவில்லை என்று முன்னாலேயே சொல்லியும் வைத்துவிட்டார். ஜெயகாந்தன் தான் கட்டிய வீட்டையே இடித்தார்.

பக்கத்து இருக்கை

சார், கங்கா குடிப்பதைப் பற்றி நீங்கள் எல்லோரும் அது அவளுடைய முடிவு மாதிரி பேசுகிறீர்கள். நான் படிக்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்கு அங்கே முப்பது சொச்சம் வயதுதானே? ஓர் ஆண் கதாநாயகன் கடைசிப் பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்தால் தேவதாஸ் என்று கொண்டாடுகிறோம். அவள் குடித்தால் கெட்டுப்போனாள் என்கிறோம்.

சிறுகதையில் அம்மா மகள் வாயில் இருந்த சூயிங்கத்தைத் துப்பச் சொல்வாள், அவன் கொடுத்தது. அவளும் துப்பிவிடுவாள். நாவலில் அவன் விட்டுச்சென்றதை அவள் துப்ப மாட்டேன் என்கிறாள். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் துப்பு என்று சொல்ல இந்தத் தடவை யாரும் இல்லை.

மூன்றாம் வாசிப்பு

இதை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். சூயிங்கத்தையும் பாட்டிலையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை. நன்றி தங்கச்சி.

வெண்திரை வழி வந்தவன்

நான் படத்தை மட்டும் பார்த்தவன். பீம்சிங் இயக்கியது. லட்சுமிக்கு தேசிய விருது கிடைத்தது இந்தப் படத்துக்குத்தான். பிரபுவாக ஸ்ரீகாந்த், ஆர்.கே.வி.யாக நாகேஷ், வெங்கு மாமாவாக ஒய்.ஜி. பார்த்தசாரதி. புத்தகத்தைப் படிக்க வேண்டுமா, படமே போதுமா? படத்தில் எனக்குக் கங்காவை விடப் பிரபுதான் ஞாபகத்தில் நிற்கிறான். அது சரியா தப்பா என்று தெரியவில்லை.

மூன்றாம் வாசிப்பு

கட்டாயம் படியுங்கள். படத்துக்குத் திரைக்கதை வசனம் ஜெயகாந்தன்தான், அதனால் பேச்சு பெரும்பாலும் உண்மையாக இருக்கும். ஆனால் படத்தில் கங்காவை நாம் வெளியே இருந்து பார்க்கிறோம். புத்தகத்தில் அவளுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். வெங்கு மாமாவோடு ஒரே அறையில் இருக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். புத்தகம் படித்த பிறகு பிரபு இவ்வளவு பெரிதாகத் தெரிய மாட்டான்.

கல்லும் காலும்

அவர் மூன்றாவது தடவையும் கங்காவிடம் திரும்பிப் போனார், 1978இல் 'கங்கை எங்கே போகிறாள்'. படிக்காதவர்கள் இருப்பதால் என்ன நடக்கிறது என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. தலைப்பை மட்டும் பாருங்கள். எட்டு வருடம் கழித்தும் அவருக்கே பதில் தெரியாமல் கேட்ட கேள்வி மாதிரி இருக்கிறது. கங்காவின் கடைசிப் பக்கம் தீர்ப்பு என்று அவரே நினைத்திருந்தால் மறுபடி எதற்காகப் போக வேண்டும்?

நனைந்த குடை

இரண்டு நாளாகப் புத்தகத்தை மறுபடி கையில் எடுத்திருக்கிறேன். வெங்கு மாமா வருகிற பக்கங்களை வேகமாகப் புரட்டிக்கொண்டு போகிற பழக்கம் எனக்கு இருந்திருக்கிறது என்பதை இப்போதுதான் கவனித்தேன். இந்தத் தடவை புரட்டவில்லை. மூன்றாம் வாசிப்பு கேட்ட கேள்வி கூடவே வந்தது.

என் கட்சியை விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். முதல் தடவை படிக்கப்போகிற பிள்ளைகளுக்கு இன்னமும் சிறுகதையைத்தான் கொடுப்பேன். முதலில் அந்தத் தண்ணீர் அவர்கள் தலையில் விழட்டும். ஆனால் அதோடு நிறுத்திக்கொள் என்று இதுவரை சொல்லி வந்தேன், அதை இனிச் சொல்ல மாட்டேன்.

தட்டச்சர் அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் எழுதியதிலிருந்து அந்தப் பழுப்பு அட்டைப் புத்தகம் கண் முன்னாலேயே நிற்கிறது. அத்தனை வாரம் விடாமல் கிழித்து, தேதி போட்டு, தைத்து வைத்தது உங்கள் தோழியா?

ஓய்வுபெற்ற தட்டச்சர்

இல்லை சார். நானும் அவள்தான் தைத்தாள் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்டு நான் கல்யாணமாகிப் போகும்போது கேட்டேன், எனக்குத் தருவாயா என்று. தர மாட்டேன் என்றாள். அப்போதுதான் சொன்னாள்.

அவள் அம்மா தைத்தது. ஊரில் உட்கார்ந்துகொண்டு வாரா வாரம் கிழித்து வைத்திருக்கிறாள். கடைசி வாரம் வந்ததும் தைத்து, தபாலில் அனுப்பியிருக்கிறாள். உள்ளே கடிதம் எதுவும் இல்லையாம்.